காந்தத்துக்கும் பொட்டு வைத்தார்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்து தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில், பெங்களூரு ஹெப்பகோடியில் நடந்தது இது. அங்கே அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்போதும் வேலை பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம், குடியிருப்பது சந்தாபுராவில். என் வேலை மெஷினில் இல்லை, கம்ப்யூட்டரில். புது ஆர்டர் பிடிப்பதற்கான ப்ரொபோசல், மாதாந்திர ரிப்போர்ட், தலைமை அலுவலகத்துக்குப் போகும் விளக்கங்கள் எல்லாவற்றையும் நான்தான் எழுதுவேன்.

நன்றாகவே எழுதுவேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் ரிப்போர்ட் போனால் தலைமை அலுவலகத்திலிருந்து திருப்பிக் கேள்வியே வராது என்று எங்கள் தயாரிப்பு மேலாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவர் எதைப் பாராட்டுகிறார் என்று நான் கொஞ்சம் முன்னாலேயே யோசித்திருக்கலாம்.

தீபாவளி வந்தால் எங்கள் தொழிற்சாலைக்குப் பேய் பிடித்துவிடும். பெங்களூரில் உள்ள ஸ்வீட் கடைகளுக்கெல்லாம் பெட்டி போகவேண்டும். அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்டித்தரும் மெஷின்கள் நான்கு இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பாதுகாப்புக் கதவு உண்டு. அந்தக் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும், நிற்கவேண்டும். அன்று மூன்றாவது மெஷினில் அட்டை சிக்கியது. ஓட்டிக்கொண்டிருந்த பெண் கதவைத் திறந்து கையை விட்டாள். மெஷின் நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ தோழிக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்வீர்கள். அவள் பெங்களூரிலேயே, ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள், சண்டையென்றால் இரண்டிலும் போடுவாள். கம்பெனி வேனில் ஜன்னல் சீட்டுக்காக ஒருமுறை எங்களுக்குள் வாய்த்தகராறு வந்து, அதிலிருந்து எனக்கு ‘ஏசி மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டாள். வேனில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விபத்து நடந்த மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, விபத்து ரிப்போர்ட் அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் தலைமை அலுவலகம் போய்ச் சேரவேண்டும் என்றார். இந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு முறை உண்டு. நடந்ததை எழுதி, அதன்கீழே ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்கவேண்டும். ஒவ்வொரு ‘ஏன்’னுக்கும் வரும் பதிலையே பிடித்துக்கொண்டு அடுத்த ‘ஏன்’ கேட்கவேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டே போனால் உண்மையான காரணம் பிடிபடும் என்பது கணக்கு. ஷிப்ட் சூப்பர்வைசர் அதைப் பென்சிலில் எழுதியே வைத்திருந்தார். கை ஏன் உள்ளே போனது? கவனக்குறைவு. ஏன் கவனக்குறைவு? கொடுத்த பயிற்சியை அந்த ஊழியர் மதிக்கவில்லை. அத்தோடு சரி. மீதி மூன்று கட்டங்களில் கோடு போட்டிருந்தார்.

இதன் பொருள் என்ன என்பது எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பு விதியை மீறியவர் என்று ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால் வேலை போய்விடும், பேச்சுக்கே இடமில்லை. விரலும் போய், வேலையும் போய், பழியும் சுமந்துகொண்டு அவள் வீட்டில் உட்காரவேண்டும்.

“நீ அழகா எழுதுவேம்மா. ரெண்டு ‘ஏன்’ போதும், அதுக்கு மேல தோண்டாதே,” என்றார் மேலாளர்.

அப்போதுகூட நான் ஒன்றும் புரட்சி செய்யக் கிளம்பவில்லை. உட்கார்ந்து டைப் செய்யத்தான் ஆரம்பித்தேன். என்னை நிறுத்தியது அந்தக் காகிதங்களோடு இருந்த அவளுடைய வாக்குமூலம். இங்கிலீஷில் இருந்தது. தப்பு என்னுடையதுதான் என்று அவள் சொல்வதுபோல எழுதி, கீழே இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருந்தார்கள். அவள் கன்னட மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். சம்பள ரசீதில் கொம்பும் சுழியுமாகக் கையெழுத்துப் போடுவாள், நானே பார்த்திருக்கிறேன். வலது கையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவளுக்கு அந்த இங்கிலீஷை யார் படித்துக் காட்டியிருப்பார்கள்? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள்மேல் பரிதாபம் என்றுகூடச் சொல்லமாட்டேன். என் மேஜைக்கு வரும் காகிதத்தில் இப்படியொரு அயோக்கியத்தனமா என்ற கோபம்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த தன் அக்காவிடம், ஏசி மேடம் வந்திருக்காங்க, ஃபேனை வேகமா வை என்றாள். விரல் போன பிறகும் அந்த வாய் மட்டும் போகவில்லை. வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்கான பேப்பர் என்று சொல்லித்தான் ரேகை வாங்கினார்களாம். கதவைத் திறந்தும் மெஷின் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

“காந்தம் வெச்சா எப்படி நிக்கும்? பேக்காதரே, வேணும்னா நீயே போய்ப் பாரு. என் மெஷின்ல எடுத்திருப்பானுங்க. மத்த மூணுல எடுக்க மாட்டானுங்க. எடுத்தா பாக்ஸ் ஓடாதுல்ல.”

காந்த விஷயத்தை அவளே விளக்கினாள். கதவில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது. கதவு மூடியிருந்தால் அது சட்டத்தில் உள்ள ஸ்விட்சுக்கு நேராக வந்து நிற்கும். திறந்தால் விலகும், மெஷின் நிற்கும். ஸ்விட்சின்மேல் வேறொரு காந்தத்தை ஒட்டிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும். அட்டை அடிக்கடி சிக்கும். ஒவ்வொரு தடவையும் நின்று கிளம்பினால் டார்கெட் எட்டாது. அதனால் சூப்பர்வைசரே நான்கு மெஷினிலும் ஒட்டிக்கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலை முதல் வேலையாக மெஷின் பக்கம் போனேன். இத்தனை வருடத்தில் அந்த ரிப்போர்ட்டுகளுக்காக நான் கீழே இறங்கிப்போனது அதுதான் முதல் தடவை. மூன்றாவது மெஷின் நின்றிருந்தது, காந்தம் இல்லை. மற்ற மூன்றும் கதவு திறந்தபடியே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. மூன்றிலும் ஸ்விட்சின்மேல் காந்தம். விரல் போன இடத்துக்கு இரண்டு அடி தள்ளி, அதே காந்தம். அங்கேயே செல்போனில் படம் எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று காந்தங்களிலும் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு மெஷின் முழுக்கப் பொட்டு வைத்தவர்கள் காந்தத்தையும் விடவில்லை.

ரிப்போர்ட்டை எழுதினேன். கை ஏன் உள்ளே போனது? அட்டை சிக்கியது, கதவைத் திறந்தும் மெஷின் நிற்கவில்லை. மெஷின் ஏன் நிற்கவில்லை? ஸ்விட்சின்மேல் காந்தம் இருந்தது. காந்தம் ஏன்? நின்று கிளம்பினால் டார்கெட் எட்டாது. டார்கெட் ஏன் அப்படி? சிக்கிய அட்டையை எடுக்கும் நேரம் அதில் சேர்க்கப்படவில்லை. ஏன் சேர்க்கப்படவில்லை? டார்கெட் போடுகிற அறையில் மெஷின் ஓட்டுகிறவர்களைக் கேட்பதில்லை. ஐந்தாவது ‘ஏன்’ நேராக மேலாளர் அறைக் கதவில் போய் நின்றது. காந்தத்தால் ஏமாற்ற முடியாத ஸ்விட்ச் வாங்கவேண்டும், டார்கெட்டைத் திருத்தவேண்டும் என்று பரிந்துரையும் எழுதி, படங்களையும் சேர்த்து, ஒப்புதலுக்காக மேலாளருக்கு அனுப்பினேன். அலங்காரமே இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக மொட்டையான ரிப்போர்ட் அது.

மத்தியானம் கூப்பிட்டுவிட்டார்கள். மேலாளர், சூப்பர்வைசர், மனிதவளப் பிரிவு அதிகாரி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓட்டிய கால் டாக்சியை அந்த மாதம்தான் விற்றிருந்தோம், அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. என் வேலையும் போனால் என்ன ஆகும் என்ற கணக்குதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

காந்தம் விஷயம் தனக்குத் தெரியவே தெரியாது என்றார் மேலாளர். ஓட்டுகிறவர்கள் திருட்டுத்தனமாக நேற்று இன்று ஒட்டியிருப்பார்கள் என்றார். சூப்பர்வைசரும் தலையாட்டினார். நன்றாகக் காதில் பூ சுற்றினார்கள். நான் செல்போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி மேஜைமேல் வைத்தேன்.

“இது ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு சார். மெஷினைத் தொடச்சு சந்தனம் வெச்ச சூப்பர்வைசர் சார் இதோ இருக்கார். பூசணிக்காய் உடைச்சு, ஒவ்வொரு மெஷினுக்கும் ஆரத்தி காட்டினது நீங்க.”

சூப்பர்வைசர் தன் செல்போனில் ஏதோ முக்கியமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

மேலாளர் குரலை மாற்றினார். அவரும் வேலூர்ப் பக்கத்துக்காரர்தான். வெளியூரில் வந்து பிழைக்கிறோம், நாமே ஒருவர் காலை ஒருவர் வாரலாமா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா என்றார். அந்தப் பெண்ணும் பிழைக்கத்தானே இங்கே வேலைக்கு வந்தாள், அவளுக்கு யார் அட்ஜஸ்ட் செய்வது என்று எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அந்த ஆத்திரத்தில்தான் வேலை போய்விடுமே என்ற பயம் விட்டுப்போனது.

“சரி சார், நீங்க சொல்ற மாதிரியே மாத்தித் தர்றேன். ஆனா கீழ ‘தயாரித்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என் பேர் வராது. இந்த மூணு பேர்ல யார் பேரைப் போடட்டும்?”

உண்மையாகவே கேட்டேன், லேப்டாப்பைத் திறந்து விரலைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டேன். மேலாளர் சூப்பர்வைசரைப் பார்த்தார். தனக்கு இங்கிலீஷில் எழுத வராது என்றார் சூப்பர்வைசர். மனிதவள அதிகாரி, தான் சரிபார்ப்பது மட்டும்தான், தயாரிப்பது தன் வேலை இல்லை என்றார். மேலாளர், தான் ஒப்புதல் கொடுப்பவர் என்பதால் தயாரித்தவராகவும் இருக்கமுடியாது என்று விதியை எடுத்துச் சொன்னார். ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கத் தயாராக இருந்த மூன்று பெரிய மனிதர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பொய்க்குக் கீழே தன் பெயரைப் போடத் தைரியம் இல்லை. என் பெயர் மட்டும் அவர்களுக்கு அவ்வளவு மலிவாகத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் நான் எழுதியதே என் பெயரில் போகும், சாயங்காலம் அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஒப்புதல் கட்டம் காலியாகப் போனால் தலைமை அலுவலகம் ஏன் என்று கேட்கும். அந்த ‘ஏன்’னுக்குப் பயந்துதான் போலிருக்கிறது, அனுப்புகிற நேரத்துக்குச் சற்று முன்பு மேலாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வேலை தப்பியது. விரல் ஆறியதும் பெட்டிகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நான்கு மெஷினிலும் புது ஸ்விட்ச் வந்தது, டார்கெட்டும் இறங்கியது. மேலாளர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. என் மேஜையை ஏசி அறையிலிருந்து எடுத்து, மெஷின்களுக்குப் பக்கத்தில், லோடு ஏற்றும் இடத்தில் போட்டார்கள். தண்டனையாம். கீழே நடப்பதை அவர்களே என் கண்ணெதிரில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இன்றுவரை அந்த இடத்தை மாற்றச் சொல்லி நான் யாரிடமும் போய் நிற்கவில்லை, நிற்கவும் மாட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவள்தான் மெஷின்களுக்குப் பொட்டு வைத்தாள், நுனி போன அந்த விரல்களாலேயே. முடித்துவிட்டு என் மேஜைக்கு வந்து, என்னைக் கேட்காமலே கீபோர்டில் சந்தனத்தைத் தடவிக் குங்குமம் வைத்தாள்.

“எனக்காகன்னு நினைச்சுக்காதே. நடந்ததை நடந்த மாதிரி எழுதிச்சே, அந்த மெஷினுக்கு,” என்றாள். அன்று வேனில் ஜன்னல் சீட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அந்தக் குங்குமம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் ‘தயாரித்தவர்’ என்ற கட்டத்துக்கு வரும்போது நான் ஒரு நிமிடம் நின்று, மேலே எழுதியிருப்பதை மறுபடி படித்துவிட்டுத்தான் பெயரை அடிக்கிறேன். அந்தப் பெயர் என்னுடையது, அதன் நிழலில் வேறு யாருடைய பொய்யும் ஒதுங்குவதற்கு நான் இனி இடம் கொடுக்கப் போவதில்லை.