பட்டு நூலாக இருந்திருந்தால்

பாகூரை அடுத்த ஒரு சிற்றூரில் குரொஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னல் சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பியபோது, பட்டணத்துக் கன்னியர் மடத்தின் பயிற்சிக்கூடத்தில் படிப்பை முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. தையல், பூவேலை, குரொஷே என்று மூன்றும் கற்றிருந்தேன். கடைசி வேலைக்குத்தான் என் கை சரியாக வந்தது. என் வீடு வில்லியனூரில். வாரத் தொடக்கத்தில் மாட்டு வண்டி ஏறுவேன். போகிற வழியில் பிரெஞ்சுக்காரர் ஊர்களுக்கு நடுவே இங்கிலீஷ்காரர் எல்லை குறுக்கே வரும். சாவடியில் சுங்கக்காரர் என் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்வார். பிரான்சிலிருந்து வந்த வெள்ளைப் பருத்தி நூலுருண்டைகள், பெரியதும் சிறியதுமாகக் கொக்கி ஊசிகள், கத்தரி, கட்டம் போட்ட தாள், பென்சில், பிள்ளைகள் வேலை தொடங்குமுன் கைகழுவச் சோப்பு, துடைக்கத் துணி. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தினி நூல்ல இன்னா பண்ணப் போறே, தோணிக்குப் பாய் கட்டப் போறியா?" என்பார். வாராவாரம் இதே கேள்விதான். நானும் வாராவாரம் சிரித்துவைப்பேன்.

நெல் மூட்டை அடுக்கும் கட்டடத்தின் முன்னறையை எங்களுக்கு விட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்வார்கள். மடத்திலிருந்து வரும் மாதிரிகளில் திராட்சைக் கொத்து, ரோஜா, சிறகு விரித்த சம்மனசு என்னும் தேவதூதர் இவைதாம் இருக்கும். என் பிள்ளைகள் திராட்சையைக் கண்ணால் பார்த்ததில்லை. "சுண்டக்கா கொத்து முடிஞ்சிபோச்சிம்மா" என்று கொண்டுவந்து காட்டுவார்கள். அதனால் நானே கட்டத்தாளில் வரைய ஆரம்பித்தேன். நெற்கதிர் வரைந்தேன், ஏரியில் மூழ்கி எழும் முக்குளிப்பான் வரைந்தேன். நிறைத்த கட்டமும் வெற்றுக் கட்டமுமாக ஒரு கரும்புத் தோகையை வளைத்துக் கொண்டுவர எனக்குப் பல நாள் பிடித்தது. நான் வரைந்தவற்றில் இன்றும் எனக்குக் குறை சொல்லத் தோன்றாதது அது ஒன்றுதான்.

அந்தத் தோகையை யாரிடம் கொடுப்பது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கரும்பும் நெல்லும் பயிரிடும் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நூலை விரலில் சுற்றிப் பிடிக்கும் இறுக்கம் மற்றவர்களுக்குக் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் இருக்கும். அவளுக்கு மாறாது. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓரம் சரியாக உட்காரும். இது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

மடத்தில் ஒரு விதி உண்டு. ஒரு வேலையை ஒரே கைதான் தொடங்கி முடிக்க வேண்டும். இடையில் வேறொருத்தி இரண்டு வரிசை போட்டாலும் அந்த இடம் மட்டும் பட்டையாகத் தெரியும். மடத்துத் தலைவியை நாங்கள் மேர் என்று அழைப்போம். அந்தப் பிரெஞ்சுக்காரக் கன்னியருக்குத் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தே எத்தனை கை பட்டது என்று சொல்லத் தெரியும்.

அந்த வருடம் கொம்யூன் என்ற பிரெஞ்சு நகராட்சிக்கு உட்பட்ட கிராமங்களிலிருந்து ஒரு பெண்ணை மடத்திலேயே வைத்துப் பழக்கி, கைவேலை ஆசிரியையாக்குவதென்று மேர் முடிவு செய்திருந்தார். பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினான்கு விழாவையொட்டி கொம்யூன் அலுவலகத்தில் கைவேலைகளை மாட்டிவைப்பார்கள். அங்கே பார்த்துத் தேர்ந்தெடுப்பார். நான் அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் போய்ப் பேசினேன். அவர் வரப்பில் நின்றுகொண்டே கேட்டார்.

"பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டா எங்க வூட்டுல படி தாண்ட வுடறதில்லம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். என் வகுப்பில் ஒவ்வொரு பாயும் அப்படித்தான் காலியானது. அவர் மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். அந்த மேரம்மா இவ வேலயப் பார்த்துட்டு, 'இவதான் வேணும்'னு அவங்க வாயால சொல்லட்டும். அப்புறம் இவ எப்ப வயசுக்கு வந்து குந்தினாலும் நான் தடுக்கமாட்டேன். பட்டணத்துல என் தங்கச்சி வூடு இருக்குது. அங்க வுடறேன்."

வகுப்பில் இது பரவியதும் மற்றப் பிள்ளைகள் அவளைச் சீண்டத் தொடங்கினார்கள். "இவ தொரசாணி ஆவப் போறாடி. நாளைக்கு நம்மளப் பார்த்தா 'யாருடி நீங்கல்லாம்'னு கேப்பா."

"அப்பிடிலாம் கேக்கமாட்டேன்டி. 'இன்னும் சுண்டக்கா முடியலியா'ன்னுதான் கேப்பேன்" என்றாள், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

விழா நெருங்கியபோது தோகை முடிந்து, சுற்று விளிம்பு மட்டும் பாக்கி இருந்தது. வீட்டிலும் வைத்துப் பின்னட்டும் என்று கொடுத்தனுப்பினேன். மறுநாள் அவள் வரவில்லை. மதியம் அவளுடைய அத்தை வந்து வாசலிலேயே நின்று, "இனிமே வரமாட்டா. குந்திட்டா" என்றாள், சிரித்த முகத்தோடு.

வீட்டுக்குப் போனேன். முற்றத்து ஓரத்தில் பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை போட்டு அவளை அதில் உட்கார்த்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பிட்டும் உளுத்தங்களியும் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் தாயாரிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டு, பின்னல் எங்கே என்று கேட்டேன்.

"அத்தத்தான் மடியில வெச்சிக்கினு இருந்தாம்மா அந்த நேரத்துல. கட்டினிருந்த பாவாட, சட்ட, அந்தப் பின்னலு எல்லாத்தையும் வண்ணாத்திகிட்ட போட்டுட்டோம். அது அவளுக்குச் சேர வேண்டியது. வூட்டுல வெக்கக் கூடாது."

"அது உடுப்பு இல்லையே அம்மா."

"பஞ்சுதானே அதுவும்?" என்றாள் அத்தை.

தாயாருக்கு என் முகத்தைப் பார்த்து மனம் கேட்கவில்லை போலும். "பட்டு நூலா இருந்தா தீட்டு இல்லம்மா. தண்ணி தெளிச்சி எடுத்து வெச்சிருப்பேன். பருத்தியா பூட்டுதே, நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள்.

பருத்தியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. பருத்தி கொதிநீரைத் தாங்கும், கஞ்சி பிடிக்கும், முறுக்கு விடாது, கட்டங்கள் நேராக நிற்கும். பட்டு வழுக்கும். மடத்தில் எழுதிக்கொண்ட இந்தப் பாடத்தை இன்றும் ஒரு வரி விடாமல் சொல்வேன். எந்த நூலைத் தீட்டு அண்டாது என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. இந்த ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

குடிசைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "அம்மா, கிட்ட வராதீங்க. அங்கயே நில்லுங்க. வண்ணாத்தி அத்த வெள்ளாவியில வெச்சிடப் போறா. சீக்கிரம் போயி வாங்கிடுங்கம்மா. விளிம்பு முடியல, பிரிஞ்சிக்கும்."

ஏரிக்கரையில் சலவைத் துணிகளுக்கு நடுவே அது விரித்துக் கிடந்தது. வண்ணாத்தி வயதில் என் தாயை ஒத்தவள். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன் தாயி? சல்லட மாதிரி ஓட்ட ஓட்டயா கீது. இதக் கட்டிக்கினு போனா ஊரே கண்ண மூடிக்கும்." பிறகு சற்று யோசித்தாள். "அவங்க வூட்டுக்குத் திருப்பித் தரமாட்டேன். வாங்கினதத் திருப்பினா பொண்ணுக்கு ஆவாது. உனக்குன்னா தரலாம். நீ அவங்க சாதிசனம் இல்லியே."

வாங்கி வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எதுவும் கெட்டுப்போகவில்லை. கடைசிக் கண்ணிகூடப் பிரியாமல் நின்றது. விளிம்பை அவள்தான் முடிக்க வேண்டும். ஆனால் குடிசையில் அவள் தொடுவதெல்லாம் மறுபடியும் ஏரிக்கரைக்குத்தான் போகும். முடிக்காத வேலையாகவே மாட்டிவிடலாம், மேருக்குப் பின்பக்கம் போதும் என்று தீர்மானித்தேன்.

விழாவுக்கு முந்தைய நாள் தகப்பனார் வகுப்பு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அத்த வாங்கியாந்துட்டீங்களாமே?"

"ஆமாங்க."

"மாட்டப் போறீங்களா?"

"ஆமாங்க. மேர் பார்த்தால் நிச்சயம்..."

"அம்மா, கொம்யூன்ல இருக்கற அத்தினி ஆம்பளயும் அங்க வருவான். ஏரிக்கரையில காஞ்சத ஊரே பார்த்திருக்குது. அது இன்னா துணின்னு எல்லாருக்கும் தெரியும். அத்தச் செவுத்துல மாட்டி, கீழ என் பொண்ணு பேரயும் எழுதினா, நான் எப்பிடிம்மா கடத்தெருவுல நடப்பேன்?" அவர் கோபப்படவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது. "நான் சொன்ன வாக்கு வாக்குதான். வேற எதனா இருந்தா மாட்டுங்க."

வேறு இருந்தவை பழகுவதற்காகப் பின்னிய கைக்குட்டை ஓரங்கள் மட்டுமே. மாட்டமாட்டேன் என்று சொன்னேன்.

மறுநாள் கொம்யூன் அலுவலகத்தில் மூவர்ணத் தோரணம் கட்டியிருந்தார்கள். மேர் ஒவ்வொரு சுவராகப் பார்த்து வந்தார். கைக்குட்டை ஓரங்களில் அவளுடையதன் முன்னால் சிறிது நின்றார். பிறகு என்னிடம், "பாகூரிலிருந்து ஒரு கரும்புத் தோகை வரும் என்று சொன்னாயே?" என்று தமிழில் கேட்டார்.

"முடியவில்லை, மேர்."

"சரி, அடுத்த முறை பார்க்கலாம்." திராட்சைக் கொத்து பின்னியிருந்த வேறோர் ஊர்ப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் நல்ல வேலைதான்.

தோகை அப்போது என் தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டி என் காலடியில் இருந்தது. தகப்பனார் கேட்டது சுவரில் மாட்ட வேண்டாம் என்று மட்டும்தான். மேரைத் தனியாக அழைத்துப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டியிருக்கலாம். பெயரைக் காதோடு சொல்லியிருக்கலாம். ஊருக்குத் தெரிந்திருக்காது. தகப்பனாருடைய வாக்கும் நின்றிருக்கும், அவள் பட்டணத்துக்கும் போயிருப்பாள். வண்டி பாகூர் ஏரியைத் தாண்டும்போதுதான் இது எனக்குத் தோன்றியது. அன்றிரவே கடிதம் எழுதினேன். இடம் நிரம்பிவிட்டது என்று மேர் அன்போடு பதில் எழுதினார்.

எதையும் வரிசை போட்டு யோசிப்பவள் என்று மடத்தில் எனக்குப் பெயர். அந்த ஒரு பகலில் அந்த வரிசை எங்கே போனதென்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

சில நாள் கழித்து மஞ்சள் நீராட்டு. என்னையும் அழைத்திருந்தார்கள். தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த அரக்குப் பட்டுச் சேலையில் அவளை மணையில் உட்கார்த்தியிருந்தார்கள். பூவின் கனத்தில் தலையைத் திருப்ப முடியாமல் இருந்தாள். தை மாதத்தில் கல்யாணம் வைக்கலாமா என்று பெரியவர்கள் அங்கேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை எல்லைக்கு அப்பால் கடலூர்ப் பக்கம். சந்தனம் பூசும் முறை என்னிடம் வந்தபோது அவள் உதடு அசையாமல் கேட்டாள்.

"மேரம்மா பார்த்தாங்களா?"

"இல்லை."

அவள் கன்னத்தில் சந்தனம் காய்வது தெரிந்தது. அடுத்துப் பூச வந்தவள் என் பின்னால் காத்திருந்தாள்.

"அதுவும் நல்லதுதாம்மா" என்றாள் மணையில் இருந்தவள். "அதுல நான் ஒரு கண்ணி வுட்டுட்டேன். பார்த்திருந்தா கண்டுபுடிச்சிருப்பாங்க."

"எந்த வரிசையில்?"

"தோகை முடியற எடத்துல. நீங்க கவனிக்கல."

அந்த இடத்தை நான் ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்திருந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

"ஆமாம், கவனிக்கவில்லை" என்று சொல்லி, அடுத்தவளுக்கு இடம் விட்டு எழுந்தேன்.