கப்பல் வந்த நாள்

எண்ணெய்க் கம்பனியில் எஞ்சினியர் என்றால் எந்நேரமும் எண்ணெயோடுதான் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நாட்டில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்த அந்த வருடம் எங்களிடம் எண்ணெயே இருக்கவில்லை. சீனன்குடாவில் துறைமுகத்தை அண்டிய காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளில் எனக்குப் பொறுப்பானவை ஒவ்வொன்றாக வற்றி, அடியில் கொஞ்சம் கசடு மட்டும் கிடந்தது. கப்பல் வருகிறது என்று கொழும்பிலிருந்து சொல்வார்கள். அடுத்த கிழமை, வரவில்லை என்பார்கள்.

ஆனாலும் நான் தினமும் போனேன். கேட்டில் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். தாங்கிகள் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஓவரோலை மாட்டிக்கொண்டு, ஒன்றும் ஓடாத குழாய்களின் பக்கத்தால் நடப்பேன். துரு பிடித்த இடங்களைச் சோக்குக் கட்டியால் குறித்துவிட்டு வருவேன். பின்னால் வருபவர்கள் சுரண்டிப் பெயின்ற் அடிப்பார்கள். பின்னேரம் கொழும்புக்கு நிலவரம் அனுப்ப வேண்டும். மாற்றமில்லை என்று அனுப்புவேன்.

கம்பனி பஸ்ஸுக்கு மட்டும் டீசல் இருந்தது. பெற்றோல் செட்டிலிருந்து நீண்டு கிடக்கும் வரிசையை ஒட்டித்தான் அது போகும். தொடக்கத்தில் பஸ்ஸைக் கண்டதும் ஆட்கள் கத்தினார்கள். பிறகு கத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மற்றப் பக்கத்து இருக்கைக்கு மாறினேன். அந்தப் பக்கம் கடல் தெரியும்.

என் தம்பி மீன்பிடிக்கிறவன். ஈச்சிலம்பற்றில் கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறான். படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் மாதக்கணக்கில் படகைக் கரையில் இழுத்து வைத்திருந்தான். ஒருநாள் யாரோ ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, அவ்வளவு தூரம் மிதித்து என் வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தான். எண்ணெய் கேட்கப் போகிறான் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. புறப்படும்போதுதான் வாசலில் நின்று கேட்டான்:

"அண்ணா, கப்பல் எப்ப வரும்?"

"வரும் எண்டு சொல்லுறாங்கள்."

"நீங்களே 'சொல்லுறாங்கள்' எண்டு சொன்னா, நாங்கள் ஆரிட்டக் கேக்கிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்சநாள் கழித்து அவனுடைய மனைவி ஃபோன் எடுத்தாள். "அத்தான், இவர் உங்கட பக்கம் வந்தவரோ? வாழைச்சேனையில பெரிய போட்டில வேலை கிடைச்சிருக்கு எண்டு போனவர். ஃபோன் வேலை செய்யுதில்லை."

"நடுக்கடலில சிக்னல் இராது. வந்திருவான்," என்றேன். நான் நம்பித்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு கப்பல் வந்தது. இறங்குதுறையிலிருந்து குழாய் வழியாக டீசல் வரத் தொடங்கிய அன்று காலையில் நான் தாங்கியின் உச்சியில் நின்றேன். அளவு நாடாவை உள்ளே இறக்கி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, றேடியோவில் சொல்ல வேண்டும். என்னோடு நின்ற ஒப்பரேட்டர் கிண்ணியா ஆள். அவருடைய முகத்தில் பெருநாள் வந்ததுபோல ஒரு சந்தோஷம். எனக்கும் அப்படி ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும். நேவிக் கப்பல் ஒன்று மீன்பிடி றோலர் படகு ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. றோலரின் தட்டு நிறைய ஆட்கள்.

"வெளிநாட்டுக்குப் போகப் பாத்த ஆக்கள் போல, சேர்," என்றார் ஒப்பரேட்டர். "பாவம்."

"ஓம்," என்றேன். றேடியோவில் அளவைக் கேட்டார்கள். சொன்னேன்.

மத்தியானம் கேட்டுக்குப் போய் ஃபோனை வாங்கினேன். தம்பியின் மனைவி பலமுறை எடுத்திருந்தாள். நான் திருப்பி எடுத்ததும் அழுதாள்.

"அத்தான், அவரைப் பிடிச்சிட்டாங்களாம். அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்டவையாம். துறைமுகத்துக்குக் கொண்டு வந்திருக்காம். போய்ப் பாருங்கோ அத்தான்."

"உயிரோட இருக்கிறானோ?"

"ஓமாம்."

மனேச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். முகம் மாறியது. "எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கேக்க உங்கட இடத்தில ஆள் இல்லாமல் விடேலாது. அடுத்த ஷிஃப்ற் எஞ்சினியர் வந்த உடனே போங்கோ. வாகனம் தாறன்," என்றார். அவர் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, சோற்றை முழுக்கச் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவினேன். திரும்பத் தாங்கியில் ஏறினேன். றோலர் இப்போது துறைமுகப் பக்கம் கட்டிக் கிடந்தது. பின்னேரம்வரை அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

ஷிஃப்ற் மாறியதும் பொலிஸுக்குப் போனேன். அங்கே எல்லோரையும் நிலத்தில் இருத்தியிருந்தார்கள். பெண்களும் கைக்குழந்தைகளும்கூட இருந்தார்கள். தம்பியைத் தேடத்தான் வேண்டியிருந்தது. உதடு வெடித்து, வெயிலில் முகம் கருகி, வேறு ஆள் மாதிரி இருந்தான். பக்கத்தில் குந்தினேன்.

"சாப்பிட்டனியோ?"

"ஓம். தந்தவங்கள்." என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சினான். "உங்களில டீசல் மணக்குது. கப்பல் வந்திட்டுதோ?"

அந்த மணம் எனக்குத் தெரிவதில்லை. இந்த வேலையில் சில வருடங்கள் இருந்தால் அது போய்விடும்.

"வந்திட்டுது. இண்டைக்குத்தான் இறக்கினம்."

"எங்களுக்கு நடுக்கடலில டீசல் முடிஞ்சுது அண்ணா," என்றான். "எங்களைக் கொண்டுபோனவன் காணும் எண்டுதான் சொன்னவன். போதாமல் போச்சுது. சும்மா இழுபட்டுக்கொண்டு கிடந்தம். தண்ணியும் முடிஞ்சுது. நேவியைக் கண்ட உடனே எல்லாரும் கைதட்டினம். நானும் தட்டினனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்திருப்பியள்?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியாது," என்றேன். அவன் தலையாட்டினான். கோபம் ஒன்றும் இல்லை. அவனுடைய தோளில் கை வைத்தேன். உப்பு படிந்து அவன் போட்டிருந்த சேட் விறைத்திருந்தது. பொலிஸ்காரர் நேரம் முடிந்தது என்றதும் எழும்பினேன்.

நீதிமன்றத்தில் பிணை கிடைத்தது. மீனவர் சங்கத்தில் மண்ணெண்ணெய் கொடுக்கத் தொடங்கியதும் அவன் மறுபடி கடலுக்குப் போனான். வரிசைகளும் மெல்ல மெல்லக் குறைந்து இல்லாமல் போயின. வீட்டில் மனைவி, "உங்களுக்கு மனசுக்கு ஒண்டும் செய்யேல்லையோ? ஒருக்காக்கூட அழேல்லை," என்று கேட்டாள். அழுகை பிந்தி வரும் என்று நானும் எதிர்பார்த்திருந்தேன். இன்றைக்குவரை வரவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. வழக்குத் தவணைக்கு முதல்நாள் தம்பி எங்கள் வீட்டில் வந்து தங்குவான். தன் மகளின் படிப்பைப் பற்றிக் கதைப்பான், இறால் விலையைப் பற்றிக் கதைப்பான். அந்தப் பயணத்தின் பேச்சை இரண்டு பேருமே எடுப்பதில்லை. காலையில் ஒன்றாகத்தான் வெளிக்கிடுவோம். சந்தியில் அவன் நீதிமன்றப் பக்கம் திரும்புவான்.

"போயிட்டு வாறன் அண்ணா."

"ஓம், கவனம்," என்பேன். அவன் ரோட்டைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். பஸ் வந்ததும் ஏறிவிடுவேன்.