எடுக்காத விரல்

பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நினைத்திருப்பீர்கள், கண்ணுகளா. இது பட்டப்பகலில் நடந்தது. இதில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியது கிடையாது. நடந்த கட்டடம் போடிநாயக்கனூரில் இன்றும் நிற்கிறது. கூடவே இருந்து பார்த்த கணக்குப்பிள்ளை வெள்ளைத்துரை சாகிறவரைக்கும் இதை ஒரே மாதிரிதான் சொன்னார். பக்கத்தில் யாராவது இருந்தால் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

எண்பத்தேழாம் வருஷம், ஆடி மாதம். மலைமேல் விடாத மழை. சந்திரவல்லி ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் அடிக்கிற வேலையில் இருந்தாள். அப்போது ஊருக்கே அது புதுசு. காய் ஏலத்துக்கு வருகிற லாட்டுகளை, யாருடையது, எவ்வளவு எடை என்று அதில் ஏற்ற வேண்டும். மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த பெண்.

அவள் புருஷன் ஜக்கையன் ஜீப்பு ஓட்டுகிறவன். முந்தின நாள் சாயங்காலம், போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டுக்கு அரிசி லோடு ஏற்றிக்கொண்டு போனான். விடிவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். விடிந்தது. அவனுக்காகப் போட்ட வெந்நீர் ஆறியது. மறுபடி சுடவைத்தாள். அதுவும் ஆறியது. வேலைக்குப் போக அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் போனாள். கம்பெனியில்தான் போன் இருந்தது. மலையிலிருந்து தகவல் வந்தால் அங்கேதான் வரும்.

"மரம் விழுந்து ரோட்ட அடச்சிருக்கும் ஆத்தா," என்றார் கணக்குப்பிள்ளை வெள்ளைத்துரை. "உம் புருசன் எவங் கடையிலயாச்சும் உக்காந்து புரோட்டாவப் பிச்சுக்கிட்டு இருப்பான்."

"இருந்தா இருக்கட்டும்ணே. வந்தாச் சரி."

மிஷினைப் போட்டாள். முதல் லாட்டு சிலமலை ஊர்க் கன்னையனுடையது. பெயரை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடித்தாள். திரையில் அத்தனையும் பெரிய எழுத்து. அடுத்த பெயர். அதுவும் அப்படியே. எடையை அடித்தாள். எண்ணுக்குப் பதிலாக ஆச்சரியக்குறி, டாலர் குறி.

கீபோர்டின் இடது ஓரத்தில் ஷிப்ட் என்று ஒரு பொத்தான் உண்டு. தனியாக அழுத்தினால் அது எதையும் எழுதாது. அதைச் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டு மற்றதை அடித்தால்தான் இப்படிப் பெரிய எழுத்து வரும்.

அதை யாரும் பிடித்திருக்கவில்லை.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். ஏலக்காய் அரிசி இரண்டு உதிர்ந்தன. மறுபடி அடித்தாள். மறுபடி பெரிய எழுத்து.

"மிசினு உம்மேல கோவமா இருக்கு தாயி," வெள்ளைத்துரை சிரித்தார். "கத்துது பாரு."

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. விரலை அது பார்க்காது. ஒரு பொத்தானை அழுத்தினால் கீபோர்டிலிருந்து ஓர் எண் உள்ளே போகும். விரலை எடுத்தால் வேறோர் எண் போகும். அழுத்திய எண் வந்ததும், மிஷினை நடத்துகிற புரோகிராம் 'பிடித்திருக்கிறார்கள்' என்று மனசில் வைத்துக்கொள்ளும். எடுத்த எண் வருகிறவரை அந்த நினைப்பு மாறாது. எத்தனை மணி நேரம் ஆனாலும்.

அந்த எண்களைத் திரையில் காட்டுகிற சோதனை புரோகிராம் ஒன்றை மதுரை மெக்கானிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இடது ஷிப்டை அழுத்தினால் 42. எடுத்தால் 170. சந்திரவல்லி மிஷினை முழுக்க அணைத்தாள். திரும்பப் போட்டு, அந்தப் புரோகிராமை ஓடவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

42.

கொஞ்சம் பொறுத்து... 42.

42. 42.

பொத்தானை நிஜமாகவே பிடித்திருந்தால் எண் சரசரவென்று ஒரே சீராகக் கொட்டும். இது அப்படி இல்லை. விட்டு விட்டு வந்தது. சில சமயம் வெரசா. சில சமயம் மெதுவாக. சலித்துப்போன கை, பிடியை இறுக்கி இறுக்கிப் பிடிக்கிற மாதிரி.

170 வரவே இல்லை.

பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. ஈரம். முகர்ந்தாள். மழையில் நனைந்த மண் வாடை.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க."

வெள்ளைத்துரை வந்து நின்றார். அவர் பார்க்கவே, கீபோர்டின் வயரைப் பின்பக்கமிருந்து உருவினாள். வயர் கையில் தொங்கியது.

42.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

மதுரைக்கு டிரங்க் கால் போட்டார்கள். லைன் கிடைக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. மலையிலிருந்து அதுவரை ஒரு தகவலும் இல்லை.

"அது ஒண்ணுமில்லம்மா," என்றார் மெக்கானிக். "எடுத்த எண்ணு எங்கயோ தவறியிருக்கு. நீங்களே அந்தப் பொத்தான ஒருவாட்டி அமுக்கிட்டு, எடுத்து விட்ருங்க. விட்ட எண்ணு போயிரும், சரியாயிரும். யாரு விரல எடுத்தாங்கன்னு அது கேக்காது."

"வயரக் கழட்டிட்டேன் சார். அப்பவும் வருது."

"அப்படி வராதும்மா," என்றார். லைன் அறுந்தது.

வயரைத் திரும்பச் சொருகினாள். திரையில் 42 இப்போது வேகமாக வந்துகொண்டிருந்தது. அவசரமாக. ஏதோ கிட்டே வந்துவிட்ட மாதிரி.

சுண்டுவிரலை வைத்தாள்.

பொத்தான் அவள் விரலை எதிர்த்தது. அடியில் வேறொரு விரல்... நடுங்கிக்கொண்டிருந்தது.

"அமுக்கு ஆத்தா. தொலையட்டும்," என்றார் வெள்ளைத்துரை.

வெளியே மூன்று மணி மில் சங்கு ஊத ஆரம்பித்தது.

அழுத்தினாள்.

எடுத்தாள்.

170.

அவ்வளவுதான். எண் நின்றது. கன்னையன் பெயரை அடித்துப் பார்த்தாள். சின்ன எழுத்து. "அப்பாடா," என்றார் வெள்ளைத்துரை. இரண்டு பேரும் டீ வாங்கிக் குடித்தார்கள். சாயங்காலத்துக்குள் இருந்த லாட்டை எல்லாம் ஏற்றி முடித்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காசிமாயன் வந்தான். அவனும் ஜீப்பு ஓட்டுகிறவன். ஜக்கையனுக்குத் தம்பி மாதிரி. உடம்பெல்லாம் சேறு. உள்ளே வராமல் கம்பெனி வாசற்படியிலேயே நின்றான்.

"மதினி..."

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே ஒரு வளைவில் ரோடு சரிந்திருந்தது. இருட்டோடு திரும்பி வந்த ஜீப்பு பள்ளத்தில் போய்விட்டது. ஜக்கையன் மட்டும் பாதியில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினான். வலது கை ஒடிந்திருந்தது. இடது கை ஒன்றுதான். விடிவதற்கு முன்பிருந்தே. மழை சரித்த மண்ணில் யாராலும் கிட்டே இறங்க முடியவில்லை.

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"அண்ணந்தான் வேணாம்னாரு மதினி. மேல ஏறிட்டு நானே சொல்லிக்கிறேன், அவ பயந்துக்கிருவான்னாரு. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. பீடி கேட்டாரு. எப்பிடிக் குடிப்பேன்னு அவரே சிரிச்சாரு."

காசிமாயன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கடைசியில வடத்தைக் கட்டி ஆள இறக்கிட்டோம். நாந்தான் எறங்குனேன். அவரு கைக்கும் எங் கைக்கும் இம்புட்டுத் தூரம். ஒரு முழம். கீழ மில்லு சங்கு ஊதுறது கேட்டுச்சு... அப்பத்தான் கை விட்டுப்போச்சு."

"வழுக்கிருச்சா?" என்றார் வெள்ளைத்துரை.

"வழுக்கலண்ணே. வழுக்குனா வேரோட தேச்சுக்கிட்டுல்ல போகும்? யாரோ விரல எடுத்து விட்டாப்புல, சுண்டுவிரல் மொதல்ல, அப்பிடியே தெறந்துச்சு. அவரு என்னையப் பாக்கல. விழுகும்போதுகூடத் தன் கையத்தான் பாத்தாரு. இது ஏன் விடுதுன்னு கேக்குற மாதிரி."

சந்திரவல்லி அழவில்லை. மெதுவாக நடந்து மிஷினிடம் போனாள். அந்தச் சோதனை புரோகிராமை ஓடவிட்டாள். ஷிப்டை அழுத்திப் பிடித்தாள்.

42. 42. 42. 42. 42. 42.

சரசரவென்று. ஒரே சீராக. அதில் நடுக்கம் இல்லை. பொத்தான் காய்ந்திருந்தது.

"கைய எடு ஆத்தா," என்றார் வெள்ளைத்துரை.

"மாட்டேன்."

"அவன் போயிட்டான் தாயி."

"எடுக்க மாட்டேண்ணே."

ராத்திரி உடம்பைக் கொண்டுவந்து வீட்டில் போட்டார்கள். ஆள்மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வெள்ளைத்துரைதான் போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

திரை இருண்டது.

விரல் அப்படியே இருந்தது.