தானாக விளைந்த காபி

ஊரில் அவளுக்குக் 'கறார்' என்று பெயர். சும்மா வந்த பெயர் இல்லை. மலைக்குடிகள் சேர்ந்து நடத்தும் காபிக் கொட்டகையில் பழத்தைத் தரம் பார்த்து வாங்குகிறவள் அவள்தான். ஒரு பச்சைக்காய் கண்ணில் பட்டால் போதும், கூடையோடு திருப்பி அனுப்பிவிடுவாள். சொந்தக் கொழுந்தனாரின் கூடையையே மூன்று தடவை திருப்பியவள். அவர் ஒரு மாதம் பேசவில்லை. "வீட்டுல சத்தம் குறைஞ்சது, நல்லதுதான்" என்றாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு முறை யோசிக்காமல் தலையாட்டினாள். அவர்கள் காபியை வாங்கி விற்கும் நகரத்துக் காபிக்கடை முதலாளி, பாக்கெட்டில் அச்சடிக்கப்போகும் வாசகத்தைப் படித்துக் காட்டியபோது, அவள் களத்தில் காயும் கொட்டையை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தாள். 'மனிதக் கை படாத மலைக்காட்டில் தானாக விளைந்த காபி.'

"ஏதோ எழுதிக்கோங்க சார், மழை வருது."

மழை வந்தது, போனது. இரண்டு வருடம் கழித்து, காபி விளையும் சரிவு நிலத்துக்கு உரிமை கேட்டு மலைக்குடிகள் மனுக் கொடுத்தார்கள். அவள்தான் வனத்துறை அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி இழுப்பறையிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"யாரும் பயிர் பண்ணலைன்னு நீங்களே அச்சடிச்சு விக்கிறீங்க. அப்புறம் நிலம் மட்டும் எப்படிம்மா உங்களுதாகும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயே திறக்கவில்லை, அதன் சார்பில் கடைக்காரர் கத்திவிட்டுப் போயிருந்தார்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானாகவா? கல்யாணமான வருடம் அவளும் வீட்டுக்காரரும் நாற்றைத் தலைச்சுமையாக ஏற்றிய சரிவு அது. மூன்று கோடை குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும் சுமந்தாள். வருடா வருடம் கவாத்து செய்து, கிளை வெட்டி வெட்டி, வலது கட்டைவிரல் இன்றுவரை மடங்காது. இவ்வளவும் கை படாத கணக்காம். கோபத்தில் பாதி அவள் மேலேயே இருந்தது. பச்சைக்காயைப் பிடிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு வார்த்தையைப் பிடிக்கத் தெரியவில்லையே.

அங்கிருந்து நேரே கடைக்குப் போனாள்.

"நட்டது நாங்கதான்னு அதிகாரிக்கு ஒரு கடிதம் குடுங்க சார்."

"குடுத்தா பாக்கெட்ல இருக்கிறது பொய்னு ஆயிடும்மா. அந்த வரிக்காகத்தானே ஜனங்க வாங்குறாங்க?" என்று சிரித்தார் முதலாளி. ஒரு கப் காபியும் நீட்டினார். அவள் தொடவில்லை.

அந்த வருடம் பழம் சிவந்தபோது யாரும் பறிக்கக் கூடாது என்று கொட்டகையில் நின்று சொன்னாள். முணுமுணுத்தார்கள், ஆனால் அவள் பேச்சை மீறவில்லை. பழம் சிவந்து, கறுத்து, உதிர ஆரம்பித்தது. எதற்கும் வாய் திறக்காத வீட்டுக்காரரே பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"பழம் கொட்டுதே..."

"கொட்டட்டும்" என்றாள். உள்ளே போய் அழுதாள். அழுததற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

பறிப்பு நின்ற பதினோராம் நாள் முதலாளி போன் செய்தார்.

"என்னம்மா, இந்த வருஷக் காபி எப்ப வரும்?"

"தானா விளைஞ்சதுதானே சார்? தானா உதிர்ந்துக்கிட்டிருக்கு. தானா காஞ்சு, தானா லாரி ஏறி வந்துரும். நீங்க கடையை மட்டும் திறந்து வைங்க."

முதலாளியின் குரல் இறங்கி வந்தது.

"கடிதத்துல என்ன எழுதணும்?"

"நட்டது நாங்கன்னு எழுதுங்க. எழுதி, நீங்களே அதிகாரிகிட்ட குடுங்க. அப்புறம்தான் பழத்து மேல எங்க கை படும்."