மச்சத் தாச்சி

ஒருவரும் அறியாத பிழையை வெளியே சொல்பவர், அந்தப் பிழையைக் குறைக்கிறாரா, கூட்டுகிறாரா? கஸ்பரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எழுகிறது.

மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர் அவர். தொண்ணூற்றொன்றில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்ற் குசினியில், மனைவி செலீன் செய்த மீன் ரோல்ஸோடு வியாபாரத்தைத் தொடங்கினார். மூன்று வருடத்தில் அது 'செலீன் பேக்கரி' ஆகியது. பிறகு பக்கெற்றில் அடைத்த தட்டை வடையும் தமிழ்க் கடைகளுக்குப் போட்டார்கள். வாங்குபவர்களில் பாதிப்பேர் சைவர்கள் என்பதால் அடுப்பில் பொரிக்க இரண்டு தாச்சிகள்: ஒன்று மீன் போன்ற மச்சத்துக்கு, மற்றது சைவத்துக்கு. எண்ணெய் கலக்கக்கூடாது என்பது கஸ்பரின் சட்டம்.

தொண்ணூற்றாறு கந்தசட்டி விரதத்துக்கு வடை போதவில்லை. செலீனின் தம்பி மாக்கஸ் அவசரத்தில் மச்சத் தாச்சியிலும் வடை பொரித்தான். விரதத்தின் நான்காம் நாள்தான் அது கஸ்பருக்குத் தெரிந்தது. பக்கெற்றுகள் அதற்குள் நகரின் மறுகோடியான ரெக்ஸ்டேல் வரை போய்விட்டன.

"அத்தான், மீன் மணமே இல்லை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உதை வெளியிலை சொன்னால் நாளைக்கு ஒருத்தரும் எங்கடை சாமான் வாங்க மாட்டினம். கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

கஸ்பர் அன்று ஓரிடத்தில் இருக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. மாவு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். விடிந்ததும் டெலிவரி வானை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய் உண்மையைச் சொல்லி, மிஞ்சிய பக்கெற்றுகளைத் திருப்பி எடுத்தார். சிலர் ஏசினார்கள். சிலர் சிரித்தார்கள். ரெக்ஸ்டேல் கடைக்காரர் இராசரத்தினம் மட்டும் மிஞ்சிய பக்கெற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார்.

"அஞ்சு நாளாய் ஒருநேரச் சாப்பாடு, கஸ்பர் அண்ணை. பின்னேரத்திலை அந்தச் சாப்பாட்டோடை உங்கடை வடைதான். சொல்லாமல் விட்டிருந்தால் நான் இப்பவும் விரதகாரன்."

"மன்னிக்க வேணும்."

"பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு, உங்கடை சேர்ச்சிலை சுவாமியார் இருக்கிறாரெல்லே? என்னட்டை ஏன் வந்தனீங்கள்?"

கஸ்பர் பக்கெற்றுகளை வானில் ஏற்றினார். அவரை நேர்மையானவர் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. இராசரத்தினத்தின் முகத்தைப் பார்த்திருந்தால் அவர்களும் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

வியாபாரம் கொஞ்சம் சரிந்தது, முறியவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை கஸ்பர் மச்சத் தாச்சியை இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"இனிச் சைவம் மட்டும்."

"வடையை நிப்பாட்டுங்கோவன். என்ரை ரோல்ஸ் என்ன பாவம் செய்தது?" என்றார் செலீன்.

பேக்கரிக்குப் பெயர் தந்ததே அந்த ரோல்ஸ்தான். கஸ்பர் மச்சத் தாச்சியைத் திரும்ப அடுப்பில் ஏற்றவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. வீட்டில் அவர் மீன் சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை.