கேட்டுவிட்டுக் கத்தரித்தவர்

சுயம்பு அண்ணன் போய்விட்ட செய்தி நம் குளவி பைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது, சைலன்சர் கழற்றிய பைக் வீடியோக்களுக்கு நடுவே. அதற்கும் இரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தீர்கள். யாரென்று தெரியும். நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி அண்ணன் சோடா குடித்துச் சமாளித்தாராம். அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவர் செய்யும் காரியமா இது? நம்மோடு பழகிக் கெட்டுப்போயிருக்கிறார்.

அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தியதே என் விலா எலும்புதான். கல்லாறு வளைவில் சாலை திரும்பியது, நான் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தீர்கள், சரி. வந்ததும் என் கட்டிலைச் சுற்றி வேலியாக நின்றுகொண்டீர்கள். குளவிச் சின்னம் தைத்த தோல் கோட்டை வெளியாள் தொடக்கூடாது. கோட்டைக் கத்தரித்தால் ஆளையே கூட்டத்திலிருந்து கத்தரித்த மாதிரி. எந்தச் சட்டத்தையும் மதிக்காத நமக்கு எத்தனை சட்டங்கள். எனக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் போலீசைக் கூப்பிடச் சொன்னார். தலைவர் பிஜு சேட்டன் முஷ்டியை மடக்கினார்.

"போலீசு வந்தா இவனுவ இன்னும் மொரண்டு பிடிப்பானுவ டாக்டர், நான் பேசுதேன்" என்றார் சுயம்பு அண்ணன். மார்த்தாண்டத்துக்காரர். பிஜுவிடம் திரும்பினார். "சின்னத்துல கத்தரி படாது. பக்கத்துத் தையல மட்டும் பிரிப்பேன். கோட்ட நீயே கையில வாங்கிக்க. அதத் தைக்க ஆளு உண்டு. இவனுக்க மூச்சு நின்னா தைக்க ஆளில்ல, கேட்டியா?"

"ஒன்னு ஆலோசிக்கட்டே, சேட்டா" என்றார் பிஜு. நான் செத்துக்கொண்டிருந்தேன், அவருக்கு ஆலோசனை.

அண்ணன் என் பக்கம் குனிந்தார். "மக்கா, கோட்டு ஒனக்குள்ளது. நீ சொல்லு." அதுவரை என்னை யாருமே கேட்கவில்லை. தலையசைத்தேன். தையலோடு கத்தரி ஓடியது. டாக்டர் விலாவுக்குள் குழாயைச் செருகியதும் எனக்கு மூச்சு வந்தது.

நான் கண் திறந்தால் தெரியும் இடத்தில் கோட்டை மாட்டச் சொன்னவரும் அவர்தான். வராந்தாவை அடைத்து நின்ற உங்களிடம் அவர் கத்தவில்லை. "ஒனக்க ஆளுவள நீதான் நிறுத்தணும்" என்று பிஜுவை வார்டு வாசலில் காவல் வைத்தார். செக்யூரிட்டிக்கு அடங்காதவர்கள் இரண்டிரண்டு பேராக, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தீர்கள். வார்டில் செருப்பைக் கழற்றச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது அடுத்த கூத்து. நாளை வலியசாலையில் அவர் வீட்டு வாசலில் எல்லா வண்டிகளையும் முறுக்கி உறும விடப்போகிறீர்களாம். நம்மில் ஒருவர் இறந்தால் செய்யும் மரியாதை. அந்த வீட்டில் யாரிடமாவது கேட்டீர்களா? தொடுவதற்கு முன் ஆளைக் கேட்பது. அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றுதான். அதனால் அவர் மனைவியிடம் கேட்டேன்.

"சத்தம் வேண்டாம் மக்களே, அவரு போனதுக்குப் பெறகு பிள்ள இப்பம்தான் ஒறங்கத் தொடங்கியிருக்கு. நீங்க எல்லாரும் வாங்க" என்றார்.

ஆகவே வண்டிகளைக் கிழக்கேகோட்டைச் சந்திப்பிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். குளவிக் கோட்டைப் போட்டுக்கொண்டே வரலாமாம். அதையும் கேட்டுவிட்டேன்.