நின்ற இடத்தில் நில்

நறுவிலிக்குளத்தில் விஜிதா நடக்கிற விதத்தைப் பார்த்துச் சிரிக்காத ஆள் குறைவு. வாசலிலிருந்து கிணற்றுக்கு ஒரு தடம், கிணற்றிலிருந்து ரோட்டோரப் படலைக்கு ஒரு தடம். அவள் கால்பட்டே தேய்ந்த தடங்கள் அவை. அதைவிட்டு ஒரு சாண் விலகமாட்டாள். கிணற்றுக்குப் பின்னால் அவள் வீட்டுக் காணியிலேயே பாதி, இடுப்பளவு புல் மண்டிக் கிடந்தது. மீள்குடியேறிய கையோடு அதையும் சோதித்து, மிதிவெடி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சோதித்தவர்கள் அவளோடு வேலை செய்கிறவர்கள்தான். என்றாலும் அதற்குள் கால் வைக்கமாட்டாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களில் ஒருவராவது முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டிச் சம்பளம் வாங்கியதில்லை.

விஜிதா மிதிவெடி எடுக்கிறவள். சண்டை முடிந்து ஊர் திரும்பிய புதிதில் வயலுக்குள் இறங்க முடியாது. வயல் இல்லையென்றால் கூலியும் இல்லை. புருஷன் சுஜன் வேலை தேடி அலைந்த நாட்களில் இவள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் போகத் தொடங்கினாள். அங்கே எல்லாவற்றுக்கும் முதல் சொல்லித்தருகிற பாடம், பக்கத்தில் யாருக்கு வெடித்தாலும் ஓடாதே என்பதுதான். நின்ற இடத்தில் நில். விசில் ஊதும். பாதையைச் சோதித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பதறிக்கொண்டு ஓடுகிறவள் அடுத்ததாகக் கிடப்பாள்.

அன்ரோனெற்றுக்கு வெடித்த அன்று விஜிதா ஓடவில்லை. அன்ரோனெற் பேசாலைக்காரி, கூட வேலை செய்தவள். மத்தியானச் சாப்பாட்டை எந்நாளும் இவளோடு பிரித்துத்தான் தின்பாள். தான் சோதித்துக்கொண்டிருந்த பக்கத்துப் பாதையில் கிடந்து, "விஜி, விஜி" என்று கூப்பிட்டாள். விஜிதா முழங்காலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவது நின்றது. அதன்பிறகுதான் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு காலை இழந்து அன்ரோனெற் உயிர் தப்பினாள். யார் பிழையும் இல்லை. விஜிதா செய்தது சரியென்று எல்லாரும் முதுகில் தட்டினார்கள். சரிதான். சரியாகச் செய்தவளுக்கு அதன்பிறகு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அன்ரோனெற்றைப் பார்க்கப் பேசாலைக்கு ஒருநாளும் போகவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள்.

சீனி வந்தது அதற்குப் பிறகு. குட்டிபோட்டு ஓய்ந்த பெட்டை நாய். யாரோ கொண்டுவந்து ரோட்டில் விட்டிருந்தார்கள். வந்த அன்றே சீனிப் பையைக் கடித்துக் கொட்டியதால் சுஜன் அந்தப் பெயரை வைத்தான். பிள்ளையில்லாத வீடு. அவன் தன் பாசத்தையெல்லாம் அதன் தலையில் இறக்கினான். விஜிதா சோறு வைத்தாள். அவ்வளவுதான்.

சீனியின் பால்மடியில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. சுஜன் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினான். கட்டி அவனுடைய வைத்தியத்தை மதிக்காமல் விளாங்காய் அளவுக்கு வளர்ந்து, ஒருநாள் காலமை உடைந்தது. முற்றம் முழுக்க இரத்தம். அவன் தலையில் கைவைத்துக் குந்திவிட்டான். நாயை அவனுடைய சாரத்தில் சுற்றியவள் விஜிதாதான். இரவல் மோட்டர் சைக்கிளில் அவன் ஓட்ட, இவள் பின்னால் நாயை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து மன்னாருக்குப் போனார்கள். சட்டை நனைந்து வயிற்றில் ஒட்டியது. அதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

மிருக வைத்தியர் வஸீர் கட்டியைப் பார்த்துவிட்டு, "இப்பவே வெட்டோணும். பிழைக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆராவது ஒராள் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்றார்.

சுஜன் கத்தியைக் கண்டதும் வெளியே போய்ச் சத்தியெடுத்தான். விஜிதா நின்றாள். காலைப் பிடி என்றால் பிடித்தாள், பஞ்சை வை என்றால் வைத்தாள். தையல் முடிகிறபோது வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார்.

"கை கொஞ்சமும் நடுங்கேல்லையே. தங்கச்சி ஆசுப்பத்திரியில வேலையோ?"

"இல்லை டொக்டர். நான் மிதிவெடி எடுக்கிறனான்."

வைத்தியர் காயத்தை நக்க விடக்கூடாது, தையல் விட்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டியெடுத்து, காயத்தை நக்காதபடி நாயின் கழுத்தில் மாட்டினார்கள். சீனி சாப்பிடவில்லை. கண்ணைத் திறந்து படுத்தே கிடந்தது. சுஜன் கரண்டியால் கஞ்சி பருக்கினான், அதனோடு கதைத்தான், மூக்கைச் சிந்தினான். விஜிதா நேரம் பார்த்து மருந்து கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் இருந்தாள்.

"ஒருக்காத் தடவிவிட்டால் கை தேஞ்சிடுமே?" என்றான் அவன். "அது செத்தாலும் உனக்கு ஒண்டும் இல்லையோ?"

"தெரியேல்லை" என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவள் பயந்தாள். நாய் செத்து, அதையும் ஒன்றுமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றால், பிறகு தன்னை என்னவென்று சொல்வது?

ஒரு மத்தியானம். சுஜன் வயலுக்குப் போயிருந்தான். விஜிதா தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பினால் படுக்கையில் நாயைக் காணவில்லை. சாகப்போகிற நாய் ஒதுக்குப்புறம் தேடும் என்று அவளுக்குத் தெரியும். புல்லுக்குள்ளிருந்து கத்துகிற சத்தம் வந்தது. கிணற்றடிக்குத் திரும்பிப்போய் எட்டிப் பார்த்தாள். பழைய முள்ளுக்கம்பியில் வாளி கொளுவி, இழுக்க இழுக்கத் தையல் பிய்கிறது போலிருந்தது.

விஜிதா தடத்தின் விளிம்பில் நின்றாள். காணியில் வெடி இல்லை என்பது புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. காது விசிலுக்குக் காத்திருந்தது. இங்கே யார் ஊதப் போகிறார்கள்? சீனி கத்தியது, பிறகு முனகியது. பிறகு சத்தம் நின்றது.

அன்ரோனெற்றும் இப்படித்தான் நிறுத்தினாள்.

விஜிதா ஓடினாள். கீழே பார்க்கவில்லை. செருப்பு ஒன்று புல்லுக்குள் போய்விட்டது. கம்பியைக் கையாலேயே பிரித்தாள். வாளியைக் கழற்றி, திறந்த காயத்தின்மேல் தன் சட்டை விளிம்பைச் சுருட்டி அழுத்தினாள். சீனி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பி அவள் கையை நக்கியது. அப்போதுதான் அவளுடைய கை நடுங்கத் தொடங்கியது.

வயலிலிருந்து வந்த சுஜன் அழுகைச் சத்தம் கேட்டுக் கிணற்றுக்குப் பின்னால் ஓடிவந்தான். விஜிதா புல்லுக்கு நடுவில் காலை மடித்துச் சப்பாணி கட்டியிருந்து, நாயை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"செத்துப்போச்சே?"

"இல்லை. உயிர் இருக்கு."

"பின்னை ஏனப்பா அழுகிறாய்?"

"அவள் என்னைக் கூப்பிட்டவள்" என்றாள் விஜிதா. "பேர் சொல்லிக் கூப்பிட்டவள்."

சுஜன் கிட்ட வந்து குந்தி, காயத்தைப் பார்த்தான்.

"தையல் விட்டிட்டுது. மன்னாருக்குக் கொண்டுபோவம்."

"ஓம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "டொக்டரிட்டக் காட்டிப்போட்டு… அங்கயிருந்து பேசாலைக்கு எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான்" என்றான் சுஜன்.